நேயர் விருப்பம்: கேட்டுப் பெற்ற பாட்டின் வரலாறு

தமிழில் 'கேள்' என்ற வினைக்கு இரண்டு பொருள் உண்டு. காதால் கேட்பது ஒன்று; வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. 'நேயர் விருப்பம்', 'நீங்கள் கேட்டவை' போன்ற வானொலி நிகழ்ச்சிகள் இந்த இரண்டு பொருளும் சேரும் இடத்தில் பிறந்தவை. பிடித்த பாட்டின் பெயரை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பி, அது ஒலிக்கும் நாளுக்காகக் காத்திருந்து, வந்ததும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டு மனம் ஆறுவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அன்றாட வழக்கமாக இருந்தது. வானொலி கேட்பவருக்குத் தமிழில் வழங்கிய பெயரும் கவனிக்கத்தக்கது. 'நேயர்' என்றால் அன்புடையவர். காதைப் பற்றிய குறிப்பே அந்தச் சொல்லில் இல்லை.

பாட்டு புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை இதற்கெல்லாம் மிக முந்தியது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவனுக்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டை, மலைவழியில் கேட்கும் ஒலிகளுள் ஒன்றாக மலைபடுகடாம் குறிக்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டும் வீட்டில் போரில் காயம்பட்டவன் கிடக்கிறான். வேப்பிலையும் இரவமும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்கிறார்கள். மருந்தும் புகையும் போலப் பாட்டும் அங்கே பண்டுவத்தின் ஒரு பகுதி.

நாட்டுப்புற வழக்கிலும் ஆறுதலுக்கான பாட்டு நிறைய உண்டு. தொட்டிலருகே தாலாட்டு, கமலையிலும் ஏற்றத்திலும் ஏற்றப்பாட்டு, வயலில் நடவுப்பாட்டு, இழவு வீட்டில் ஒப்பாரி என்று வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வகை இருந்தது. கைக்குழந்தையைத் தூங்க வைக்கும் சாக்கில் தாய் தன் பிறந்தகத்தை எண்ணி ஏங்குவதும், ஒப்பாரி சொல்லும் சாக்கில் தன் பழைய குறைகளையெல்லாம் கொட்டித் தீர்ப்பதும் இப்பாடல்களில் வழக்கம். ஆனால் இவற்றில் தேர்வுக்கு இடமில்லை. எப்போது எதைப் பாடுவது என்பதைச் சடங்கும் தொழிலும் முடிவு செய்தன. மங்கல நாளில் ஒப்பாரி வாயில் வரக் கூடாது. பாடுவதும் பெரும்பாலும் தானே, அல்லது கூட இருப்பவர். நினைத்த நேரத்தில் நினைத்த பாட்டை இன்னொருவரைப் பாடச் சொல்லிக் கேட்பது, பாடகர்களை வைத்துப் பேண வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே முடிந்தது.

இந்த நிலையை மாற்றியது இசைத்தட்டு. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து இந்தியாவின் முதல் வணிக ஒலிப்பதிவுகளைச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியக் குரல்களும் தட்டில் ஏறின. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். பாட்டு அந்த அளவுக்குள் அடங்கியாக வேண்டும். பின்னால் வந்த திரைப்பாட்டின் நீளத்துக்கும் இதுவே அடித்தளம். நாடக மேடையில் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா ஆகியோரின் தட்டுகள் ஊர் ஊராகப் பரவின. கிட்டப்பா 1933இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனாலும் அவர் குரல் தட்டில் ஒலித்துக்கொண்டே இருந்தது. மறைந்தவரின் குரலை மறுபடி மறுபடி கேட்டுத் துக்கம் ஆற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழருக்கு அறிமுகமானது அப்படித்தான்.

கிராமபோன் பெட்டி எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை. அது இருந்த வீட்டுத் திண்ணையிலும், தட்டுப் போடும் தேநீர்க் கடையிலும் மற்றவர்கள் கூடினார்கள். பொது இடத்தில் கேட்கும் வழக்கத்தை வானொலி வளர்த்தது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் பணமின்றி நின்றுபோனது. அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. மெரினா கடற்கரையில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டதால், காற்று வாங்க வந்தவர்கள் காசில்லாமல் கச்சேரி கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16 அன்று திருச்சி நிலையமும் தொடங்கின. எதைக் கேட்கலாம் என்பதை நிலையம் தீர்மானித்தது. நேயர் கேட்டுப் பெறும் வழக்கம் அங்கே இன்னும் ஆழமாக ஊன்றவில்லை.

அந்த வழக்கம் வேரூன்ற வழிசெய்தது, விந்தையாக, ஒரு கட்டுப்பாடு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அதற்கான நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரை அறிவித்தால் விளம்பரமாகிவிடும் என்று வானொலி மறுக்க, படத் தயாரிப்பாளர்களோடு பிணக்கு முற்றியது. திரைப்பாட்டு தேடிய காதுகள் கடலுக்கு அப்பால் திரும்பின.

அங்கே கருவி தயாராக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியப் படைப்பிரிவின் சிப்பாய்களுக்குச் செய்தியும் பாட்டும் தருவதற்காகக் கொழும்பில் ரேடியோ சீக் நிலையம் அமைக்கப்பட்டது. அதற்காக ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கைக்குக் கைமாறியது. வீட்டைப் பிரிந்த வீரர்களின் ஏக்கம் தணிக்க வந்த கருவியே பின்னாளில் தென்னிந்தியக் குடும்பங்களின் மாலைப் பொழுதுகளை நிரப்பியது. 1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. விளம்பரதாரர் பணம் தர, நேயர் கேட்டதைப் போடுவதே அதன் தொழிலாயிற்று. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் குரல்கள் தமிழ்நாட்டில் உறவினர் குரல்களைப் போலப் பழகின. 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாக மாறியபின், 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்ற அறிவிப்பைச் சொல்லிப் பார்க்காத பிள்ளைகள் தென்மாவட்டக் கரையோர ஊர்களில் குறைவு.

காலையில் 'பொங்கும் பூம்புனல்', பின்னர் 'பிறந்தநாள் வாழ்த்து', 'நேயர் விருப்பம்', இரவில் 'இரவின் மடியில்' என்று பாட்டே நேரம் காட்டியது. பொங்கும் பூம்புனல் முடிவதற்குள் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதாத சட்டம். விருப்ப நிகழ்ச்சியின் முறை எளிமையானது. நேயர் பாட்டையும் படத்தையும் தம் ஊரையும் எழுதி அனுப்புவார். ஒரே பாட்டைக் கேட்டவர்களின் அட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, பாட்டுக்கு முன் அத்தனை பெயரையும் ஊரோடு வாசிப்பார்கள். பிறந்தநாள் வாழ்த்தில் தாத்தா பாட்டி முதல் அத்தை மாமா, அண்ணன் அக்காள் வரை உறவு முறையோடு பெயர்கள் வரும்.

இந்தப் பெயர் வாசிப்பில்தான் நிகழ்ச்சியின் ஆறுதல் பெரிதும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர், பதுளைத் தோட்டத்தில் ஒருவர், இராமநாதபுரத்தில் ஒருவர் ஒரே சோகப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். தன் மனத்தில் உள்ளது தனக்கு மட்டும் உரியதல்ல என்பது, பாட்டு தொடங்குமுன்பே, அந்தப் பெயர் வரிசையில் தெரிந்துவிடும். காதலையோ பிரிவையோ வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு அஞ்சலட்டை ஒரு மறைவான வழி. பாட்டின் பெயரை மட்டும் எழுதினால் போதும். காரணம் யாரும் கேட்பதில்லை.

இழந்த நேயர்களை மீட்க அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கியது. திரைப்பாட்டு அரசு வானொலிக்குள் முறையாகத் திரும்பியது. 'தேன்கிண்ணம்' போன்ற தமிழ் நிகழ்ச்சிகளுக்கு நிலையான கூட்டம் சேர்ந்தது. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமம் வைத்திருக்க வேண்டிய காலம் அது. 1980களில்தான் அந்த முறை ஒழிந்தது. வால்வுப் பெட்டி சூடேறிப் பேசச் சற்று நேரம் பிடிக்கும். டிரான்சிஸ்டர் வந்தபின் பாட்டு கூடத்தை விட்டு வெளியேறியது. தையல் கடை, முடிதிருத்தகம், பீடி சுற்றும் திண்ணை, களத்துமேடு என்று கை வேலையிலும் காது பாட்டிலும் இருக்கும் இடங்களில் அது குடிகொண்டது. நடவுப்பாட்டு இருந்த இடத்தில் திரைப்பாட்டு வந்து அமர்ந்தது இப்படித்தான்.

கேட்கப்பட்ட பாடல்களுக்கு மனநிலையை ஒட்டியே வகை பிரிந்தது. காதல் பாட்டு, சோகப் பாட்டு, தத்துவப் பாட்டு, தாலாட்டு, பக்திப் பாட்டு என்ற பிரிவுகளை நேயர்களும் அறிவிப்பாளர்களும் கடைக்காரர்களும் ஒரே பொருளில் வழங்கினார்கள். 'தத்துவப் பாட்டு' என்பதற்கு நூல்களில் உள்ள தத்துவத்தோடு தொடர்பு குறைவு. நம்பியவர் கைவிட்டபோதும் கடன் கழுத்தை நெரித்தபோதும் கேட்கும் பாட்டு அது. 1959இல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 1981 வரை எழுதிய கண்ணதாசன் ஆகியோரின் வரிகள் இதில் முதலிடம் பெற்றன. 1965 வரை இணைந்து இசையமைத்த விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் மெட்டுகளும், டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, பி.பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் குரல்களும் அந்த வரிகளைப் பழமொழிகளைப் போல ஊரின் நாவில் ஏற்றின. இழவு வீட்டில் மைக் செட் கட்டித் தத்துவப் பாட்டுப் போடும் வழக்கமும் பல ஊர்களில் வந்தது. ஒப்பாரி செய்துவந்த வேலையின் ஒரு பகுதியைக் குழாய் ஒலிபெருக்கி எடுத்துக்கொண்டது.

பக்திப் பாட்டில் பழைய காப்புப் பாட்டின் தொடர்ச்சி தெளிவாகத் தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் இசைத்தட்டாக வந்தபின் எத்தனையோ வீடுகளின் விடியல் ஒலியாயிற்று. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லிக் காக்க வேண்டுவது. சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் பதிவானதும், ஓதத் தெரியாதவரும் அதைப் போட்டுக் கேட்டு மனத்துணிவு பெற்றார்கள். நோயாளியின் தலைமாட்டில் அதை ஒலிக்கவிடுவது இன்றும் உண்டு.

பாட்டு எவ்வளவு தேவையானது என்பதை 1990களின் யாழ்ப்பாணம் காட்டியது. 1990இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருளும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சுற்றுவது தளர்ந்தால் ஒலியும் தளரும். செய்திக்காகவே முதலில் சுற்றினாலும், பாட்டுக்காகவும் கைகள் மாறி மாறிச் சுற்றின. புலம்பெயர்ந்தவர்கள் லண்டனிலும் டொராண்டோவிலும் தொடங்கிய தமிழ் வானொலிகளிலும் பிறந்தநாள் வாழ்த்தும் விருப்பப் பாட்டும் இடம்பெற்றன. ஊரில் கேட்ட பழைய பாட்டே அங்கும் அதிகம் கேட்கப்பட்டது.

இதற்கிடையே காத்திருப்பைக் கேசட் குறைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த ஒலிநாடா, தமிழ்நாட்டில் 1970களின் இறுதியிலிருந்து பரவலாயிற்று. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் வந்த இளையராஜாவின் பாடல்கள் பெருகிய காலமும் அதுவே. சிறு நகரங்களில்கூட 'ரெக்கார்டிங் சென்டர்' தோன்றியது. வாடிக்கையாளர் பாடல்களின் பட்டியலை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் தம்மிடம் உள்ள இசைத்தட்டுகளிலிருந்து பதிந்து, அட்டையில் ஏ பக்கம், பி பக்கம் என்று பேனாவால் பெயர் எழுதித் தருவார். 60 நிமிட நாடாவில் பன்னிரண்டு பாட்டு போல அடங்கும். 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கியும் இந்தத் தொழில் உடனே நின்றுவிடவில்லை. வானொலி அட்டையில் ஒரு பாட்டுக்கு மேல் ஆசைப்பட முடியாதவர், இங்கே தம் மனநிலைக்கென்றே ஒரு வரிசை அமைத்துக்கொண்டார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவரின் பெட்டியில் ஊறுகாயோடு இப்படிப் பதிந்த கேசட்டும் போனது. சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றி மீட்கும் வித்தை எல்லோருக்கும் கைவந்திருந்தது.

கேட்டுப் பெறும் முறை தொலைக்காட்சியிலும் சிலகாலம் நீடித்தது. 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சியில் 'நீங்கள் கேட்ட பாடல்', தொலைபேசி வழியே நேயர் பேசும் 'பெப்சி உங்கள் சாய்ஸ்' ஆகியவை புகழ்பெற்றன. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977இல் சென்னையிலேயே தொடங்கியிருந்தாலும், 2000க்குப் பின் தனியார் நிலையங்கள் வந்த பிறகே அது பெருவழக்காயிற்று. அட்டை எழுதும் வேலையைத் தொலைபேசி அழைப்பும் குறுஞ்செய்தியும் ஏற்றன. இரவு நேரத்தில் பழைய மெல்லிசை போடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. காவலாளிகளும் லாரி ஓட்டுநர்களும் தூக்கம் வராதவர்களும் அதன் நேயர்கள்.

செல்பேசிக் கடைகளில் காசு கொடுத்து மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்ட சில ஆண்டுகளுக்குப் பின், இணையம் எந்தப் பாட்டையும் எந்த நொடியிலும் கைக்குக் கொண்டுவந்தது. காதுக்கருவி அதைத் தனிமையில் கேட்கச் செய்தது. பிடித்த பாட்டால் மனம் ஆறுவது குறையவில்லை. பேருந்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் அதைக் காணலாம். மறைந்தது, யாரிடமாவது கேட்க வேண்டும் என்ற நிலையும், அதோடு வந்த காத்திருப்பும், பாட்டுக்கு முன் வாசிக்கப்பட்ட பெயர்களும்தான். 'கேள்' என்ற வினையின் இரண்டு பொருள்களில் ஒன்று மட்டுமே இன்று பாட்டோடு நிற்கிறது.