யாரு மேல ஏவுனானுவ?

1989 மே 22. சண்டிப்பூர் கடற்கரையிலிருந்து அக்னி முதன்முதலாகப் பறந்த நாள். பட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு ரேடியோவில் ‘ஏவுகணை’ என்று செய்தி வாசித்ததும் அப்பாயி திடுக்கிட்டு, “ஏவலா? யாரு மேல ஏவுனானுவ?” என்று கேட்டது. எங்க பக்கம் ஏவல் என்றால் பில்லி, சூனியம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

யோசித்துப் பார்த்தால் அப்பாயி சொல்லைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. ஏவுதல் என்றால் கட்டளையிட்டு அனுப்புவது. கணை என்றால் அம்பு. நாம் தீபாவளிக்கு விடும் வாணமும் ‘பாணம்’ என்ற அம்பிலிருந்து வந்ததுதான். 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில், ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை முறியடித்தபோது வீசியதும் வாணங்கள்தாம். இரும்புக் குழாயில் மருந்து, கூடவே கட்டிய மூங்கில் கழி. கிளம்பிவிட்டால் அதன் போக்கு யார் கையிலும் இல்லை. இன்றைய ஏவுகணைக்குள் வழிகாட்டும் கருவி இருக்கிறது. இட்ட கட்டளை கூடவே போகிறது. அந்த வகையில் ‘ஏவு’ பொருத்தமான சொல்.

பொருந்தாமல் நிற்பது ‘தரை’. 1988-ல் சோதித்த பிருத்வியைத் ‘தரையிலிருந்து தரை இலக்கைத் தாக்கும் ஏவுகணை’ என்று எழுதினோம். ஆகாஷ் ‘தரையிலிருந்து வானுக்கு’. இதுவரை சரி. ஆனால் பிருத்வியின் கடற்படை வடிவமான தனுஷ் கப்பலிலிருந்து கிளம்புகிறது. ஆங்கிலத்தில் அதற்கும் ‘சர்ஃபேஸ் டு சர்ஃபேஸ்’ என்றே பெயர். ‘சர்ஃபேஸ்’ என்றால் பரப்பு. அது நிலமாகவும் இருக்கலாம், நீராகவும் இருக்கலாம். தமிழில் தரை என்று போட்டதும் கடல் விடுபட்டுப்போகிறது.

கல்லூரியில் என்னோடு யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவன் படித்தான். 1990-ல் படகில் வந்த குடும்பம். ஒருநாள் நான் ஏவுகணை, எறிகணை இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியபோது திருத்தினான்.

“எறிகணை வேற மச்சான். பீரங்கியால அடிக்கிறது. பேப்பர்ல எறிகணை எண்டு போடுவினம், நாங்கள் ஷெல் எண்டுதான் சொல்லுவம். அங்க அடிச்ச சத்தம் கேட்டா, இஞ்ச வந்து விழ முதல் பங்கருக்குள்ள ஓடோணும்.”

எனக்கு அது அகராதி விஷயம். அவனுக்கு எத்தனை நொடி மிச்சம் என்ற கணக்கு.

ஏவுகணை, எறிகணை இரண்டுமே வினைத்தொகை. ஏவிய கணை, ஏவுகின்ற கணை, ஏவும் கணை, மூன்றும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். கிடங்கில் சும்மா கிடப்பதும் ஏவுகணைதான், ஒரு வீட்டின் மேல் விழுந்து முடிந்ததும் ஏவுகணைதான். எங்கிருந்து எங்கே என்பதற்குத் தரை, வான் என்று முன்னால் சேர்த்துக்கொள்கிறோம். யார் ஏவியது, யார் மேல் என்பதற்கு அந்தப் பெயரில் இடமே இல்லை.

இப்போதெல்லாம் செய்தியில் ‘ஏவுகணை தாக்குதல்’ என்று ஓடும்போது அப்பாயி கேட்டதுதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்குச் சிரித்தோமே தவிர, பதில் சொல்லவில்லை.