பல்லும் அருளும்

மனிதன் இயல்பால் ஊன் உண்பவனா, மரக்கறி உண்பவனா என்னும் வழக்கில் இரு திறத்தாரும் முதலில் சான்றுக்கு அழைப்பது பல்லையே. கோரைப்பல் இருக்கிறதே என்பார் ஒருவர்; அது புலியின் பல்லைப் போன்றதன்று என்பார் மற்றவர்.

தமிழிலக்கியத்திலும் பல் ஓரிடத்தில் சான்றாக வந்து நிற்கிறது. பொருநராற்றுப்படையில், கரிகாலனின் விருந்தினனாகத் தங்கிய பொருநன், அல்லும் பகலும் ஊன் தின்றதால் தன் பற்கள் உழுது தேய்ந்த கலப்பை இரும்புபோல் மழுங்கிவிட்டன என்கிறான். முடத்தாமக்கண்ணியார் இதனை இகழ்ச்சியாகப் பாடவில்லை. மன்னனது கொடையின் அளவைக் காட்டவே பாடினார். தம்மை அந்தணன் என்று கூறிக்கொண்ட கபிலரும் அவ்வாறே. தம் கை மென்மையாக இருப்பதேன் என வியந்த சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனுக்கு, ஊனும் கறியும் சோறும் உண்பதையன்றி வேறு கடுந்தொழில் அறியாத கை இது என்று விடை கூறுகிறார். நம் மேடைகளில் கபிலரின் நட்பைப் போற்றுவோர் பலர்; அவர் உண்ட ஊன்சோற்றைக் குறிப்பிடுவோர் சிலரே. இதில் நாணுதற்கு என்ன இருக்கிறது?

பெரும்பாணாற்றுப்படை வழிநெடுகப் பல விருந்துகளைக் காட்டுகிறது. எயினர் குடியில் உடும்பு. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் இல்லத்தில் நெற்சோற்றோடு கோழி. அந்தணர் மனையில் மாதுளங்காயும் மாவடுவும். இங்கே உணவை வகுப்பது நிலமும் குடியும், உடலின் இயல்பன்று. கீழடி அகழாய்வு பற்றி 2019இல் வெளியான அறிக்கையும், ஆடு, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருப்பதைச் சுட்டுகிறது.

உடலைக் கேட்டால் அது இருபுறமும் தலையாட்டும். எத்தியோப்பியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட விலங்கெலும்புகளில் கற்கருவியின் தடங்கள் உள்ளன. மாச்சத்தைச் செரிக்கும் பணியோ நம் வாயிலேயே, உமிழ்நீராலேயே தொடங்குகிறது. வைட்டமின் சி நம் உடலில் உண்டாவதில்லை; கனியும் காயும் வேண்டும். வைட்டமின் பி12 அந்தக் கனியிலும் காயிலும் இல்லை. ஊனில் உண்டு, பாலிலும் உண்டு. புலாலை மறுத்த தமிழர் பாலை மறுக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆயர் கொணர்ந்த மோரும் தயிரும் இன்றி அந்நோன்பு இத்தனை தலைமுறை நின்றிருக்குமா என்பது ஐயமே.

கிரேக்க அறிஞர் புளூட்டார்க், வளைந்த அலகும் கூருகிரும் இல்லாத மனிதன் ஊனுக்காகப் படைக்கப்பட்டவனல்லன் என வாதிட்டார். வள்ளுவர் அவ்வழி செல்லவில்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தின் பத்துக் குறள்களில் பல்லும் இல்லை, நகமும் இல்லை, வயிற்றின் அமைப்பும் இல்லை. அவர் கேட்பதெல்லாம், பிறிதோர் உடலைத் தின்று தன்னுடலை வளர்ப்பவனிடம் அருள் எங்ஙனம் தங்கும் என்பதே. உடலால் இயலாது என்று அவர் யாண்டும் கூறவில்லை. இயலும் என்பதனால்தான் மறுக்கச் சொல்லுகிறார்.

அவ்வதிகாரம் துறவறவியலில் அமைந்திருப்பதால் இல்லறத்தானுக்கு அது பொருந்தாது என்று விலகுவோர் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. உண்பதற்காக வாங்குவோர் இல்லையெனின் விற்போரும் இரார் என்று வள்ளுவர் கடைத்தெருவுக்கே வந்துவிடுகிறாரே! கடைத்தெரு துறவியின் இடமன்று. பிறர் கொன்றதை உண்ணல் குற்றமா என்னும் இதே சிக்கலை நீலகேசியின் சமண ஆசிரியர் பௌத்தரோடு நெடிது வழக்காடுகிறார்.

அந்த அருளையே தம் நெறியாகக் கொண்ட இராமலிங்க அடிகள் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். கொலையும் புலாலும் தவிர்த்தோரையே தம் அக இனத்தார் என்றார். ஏனையோரைப் புற இனத்தார் என்றார். ஆயினும் அப்புற இனத்தாரின் பசியையும் நீக்க வேண்டும் என்று விதித்துச் சென்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நேற்று எதை உண்டாய் என்று வந்தவரைக் கேளாமலே அங்குச் சோறு இடப்படுகிறது.