அலங்கார மீன் வணிகம்

அலங்கார மீன் வணிகம் என்பது வீட்டுத் தொட்டிகளிலும் காட்சியகங்களிலும் வளர்ப்பதற்காக மீன்களைப் பண்ணையில் பெருக்கியோ, ஆற்றிலும் கடலிலும் பிடித்தோ விற்கும் தொழில். தமிழ்நாட்டில் அரசு ஆவணங்கள் இதை வண்ண மீன் தொழில் என்கின்றன. கடைத்தெருவில் அது ‘கலர் மீன்’. செல்லப்பிராணிகள் என்றதும் பேச்சில் நாயும் பூனையும் முந்திக்கொள்ளும். ஆனால் கைமாறும் உயிர்களின் எண்ணிக்கையில் மீனுக்கு அருகில்கூட அவை வர முடியாது. விலையிலோ மீன் கடைசி வரிசை. சென்னையின் கொளத்தூர்ச் சந்தையில் ஒரு கப்பி மீன் ஒரு டீயின் விலைக்குக் கிடைக்கும். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுபவர், மீன் செத்தால் வேறொரு மீன் வாங்கிவிடுகிறார். இத்தொழிலில் மீன்களின் நலன் பற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மலிவில்தான் வேர்விட்டிருக்கின்றன.

தோற்றம்

மீனை உண்பதற்கன்றிப் பார்ப்பதற்காக வளர்க்கும் வழக்கம் சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. சாம்பல் நிறக் கெண்டை வகை ஒன்றில் அரிதாகத் தோன்றிய செம்பொன் நிறக் குஞ்சுகளைப் பிரித்து வளர்த்து உண்டாக்கியதே தங்க மீன். அதை அன்று குளத்திலும் பீங்கான் தொட்டியிலும் மேலிருந்துதான் பார்த்தார்கள். வானத்தைப் பார்த்தபடி கண்கள் திரும்பிய வகைகள் உருவானதற்கு இந்தப் பார்வைக்கோணமும் ஒரு காரணம்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும் கண்ணாடித் தொட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரவு. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல் மீன் தொட்டியை நடுத்தர வர்க்க வீடுகளின் மோகமாக்கியது. ஆனாலும் இதை உலகச் சந்தையாக்கிய பெருமை எந்த இயற்கையியலாளரையும் சேராது. பாலித்தீன் பையையும் சரக்கு விமானத்தையுமே சேரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விரண்டும் மலிவானதும், அமேசானில் பிடித்த மீன் ஓரிரு நாளில் ஐரோப்பியக் கடைக்கு வந்து சேர்ந்தது.

கொளத்தூர்

வடசென்னையின் கொளத்தூர் இந்தியாவின் பேர்பெற்ற வண்ண மீன் சந்தைகளில் ஒன்று. வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்கவைப்பதில் தொடங்கிய குடிசைத் தொழில் அது. குட்டி போடும் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவற்றுக்கு இடமும் முதலும் குறைவாகவே போதும். முட்டையிடும் ஏஞ்சல், கோல்ட், ஃபைட்டர் ஆகியவற்றுக்குக் கைப்பக்குவம் வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் இது பரவியிருக்கிறது. பல குடும்பங்களில் தொட்டியைக் கழுவி, டூபிஃபெக்ஸ் புழு போட்டு, நோய்பட்ட மீனைப் பிரித்தெடுப்பது பெண்களின் வேலை. கழிவுநீர் ஓடைகளில் வாரும் அந்தப் புழுவோடு நோய்க்கிருமியும் தொட்டிக்குள் வந்துவிடுகிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதன் விலைக்கும் சத்துக்கும் ஈடான தீனி சுலபத்தில் கிடைப்பதில்லை.

இந்தியாவின் இன்னொரு மையமான கொல்கத்தாவின் கதை வேறு. அங்கிருந்து ஏற்றுமதியாகும் மீன்களில் பெரும்பகுதி வடகிழக்கு மாநில ஆறுகளில் பிடிக்கப்படுபவை. உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கொளத்தூரில் பெருகும் மீனில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே, பேருந்திலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போகிறது.

பைக்குள் பயணம்

மீனின் வாழ்க்கையில் மிகக் கடுமையான கட்டம் பயணம். பை கட்டுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பே தீனி நிறுத்தப்படும். பட்டினி கிடக்கும் மீன் தண்ணீரைக் குறைவாக அசுத்தப்படுத்தும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். சிறு மீன்கள் மூலையில் சிக்கி நசுங்காமலிருக்கப் பையின் கீழ் முனைகளை மடித்துக் கட்டுவார்கள். பிறகு அது தெர்மாகோல் பெட்டிக்குள் போகும்.

உள்ளே நடக்கும் வேதியியல் கவனிக்கத் தக்கது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவைக் கழிக்கிறது. மூச்சில் கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயு கரைந்து தண்ணீரைச் சற்று அமிலமாக்குவதால், அம்மோனியா நஞ்சு குறைந்த அம்மோனியமாகவே கிடக்கும். ஒருவகையில் பையின் அழுக்கே மீனைக் காக்கிறது. நெடும்பயணத்துக்குப் பின் பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, அமிலத்தன்மை குறைகிறது, அடங்கியிருந்த நஞ்சு தலைதூக்குகிறது. திறந்த பையிலேயே மீனை ஒரு மணி நேரம் வைத்துத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் அக்கறையான பழக்கம், தூரத்திலிருந்து வந்த மீனுக்குத் தீங்காக முடியக்கூடும். வந்து சேரும்போதே இறந்திருக்கும் மீன்களுக்கு வணிகத்தில் தனிக் கணக்கு உண்டு. எத்தனை செத்தால் யார் பணம் தருவது என்பது கொள்முதல் நிபந்தனைகளில் ஒன்று.

தொட்டிக்குள்

வீட்டுக்கு வந்த மீன் முதல் மாதத்திலேயே சாவது வாடிக்கையாளர்களுக்குப் புரியாத புதிர். ‘தண்ணி மாத்தினேன், தீனி போட்டேன், ஃபில்டரும் ஓடுது’ என்பார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியும் புது மீனும் ஒரே நாளில் விற்கப்படும்போது, அந்தப் பாக்டீரியா வருமுன்பே மீன் நஞ்சில் நீந்தத் தொடங்கிவிடுகிறது. வெறும் தொட்டியை விற்று ‘ஒரு மாதம் கழித்து மீன் வாங்க வாருங்கள்’ என்று சொல்லும் கடைக்காரர் நல்லவர்தான். அவர் அன்றைய விற்பனையில் பாதியை இழக்கிறார்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் இதில் மிக மோசம். வாய் குறுகியிருப்பதால் காற்றோடு படும் நீர்ப்பரப்பு குறைவு, ஃபில்டருக்கு இடமில்லை, வளைந்த கண்ணாடிக்குள் ஒதுங்க மூலையும் இல்லை. அதில் அதிகம் விற்கப்படும் தங்க மீனோ ஒரு முழம்வரைகூட வளரக்கூடிய குளத்து மீன். குளிர்ந்த நீரை விரும்புவது. சித்திரை வெயிலில் சூடேறும் நீரில் ஆக்சிஜன் குறையும்போது அது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. பார்ப்பவர்கள் பசி என்று நினைத்து இன்னும் தீனி போடுகிறார்கள். தங்க மீன் இரண்டு வருடம் வாழும் என்பது பரவலான நம்பிக்கை. 1956இல் இங்கிலாந்தில் ஒரு திருவிழா விளையாட்டில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற தங்க மீன், 1999இல்தான் இறந்தது.

ஃபைட்டர் மீன் இன்னொரு வகைப் பலி. தாய்லாந்தின் நெல் வயல்களும் சதுப்புகளும் இதன் பூர்வீகம். 2019இல் அந்நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. நம்மூர் பனையேறிக் கெண்டையின் உறவு இது. இரண்டுக்கும் செவுளுக்கு மேலே காற்றை மூச்சாக இழுக்கும் தனி உறுப்பு உண்டு. அந்த வரமே ஃபைட்டருக்குச் சாபமாயிற்று. ஆக்சிஜன் இல்லாத நீரிலும் உயிர் போகாது என்பதால் உள்ளங்கையளவு பாட்டிலில் அடைத்து அடுக்கி விற்கிறார்கள். ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும் என்பதும் அதற்கு வசதியான காரணம். ஆனால் காற்றை மூச்சாக இழுக்கும் மீனும் அம்மோனியாவைக் கழிக்கத்தான் செய்கிறது.

உருவம் திருத்திய மீன்கள்

வியப்புக்காக உருமாற்றிய வகைகளில் நலக்கேடு உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குமிழ்க்கண் தங்க மீனுக்குக் கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும். கூர்மையான கல்லில் உரசினால் கிழியும். முதுகுத் துடுப்பும் அதற்கு இல்லை. பந்துபோல் உடல் குறுகிய தங்க மீன்கள் காற்றுப்பைக் கோளாறால் தலைகீழாக மிதப்பது அடிக்கடி நடப்பது. ‘பலூன் மோலி’யின் உருண்டை வயிறு முதுகெலும்பு குறுகி வளைந்ததன் விளைவு. தைவானில் கலப்பினமாக உருவான ‘பேரட்’ மீனின் வாய் முழுதாக மூடாது. நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்னும் மனிதர் செய்த கலப்பினமே. அதையும் அரோவானாவையும் வாஸ்து மீன் என்று விற்பதால், வரவேற்பறையில் பெரிய மீன் ஒன்று திரும்ப இடமில்லாத தொட்டியில் நின்றபடி குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இயல்பாக வாழும் கண்ணாடி மீன் உடலுக்குள் எலும்பு தெரியும் அளவு ஒளி ஊடுருவுவது. அதன் தோலுக்கடியில் ஊசியால் சாயம் ஏற்றி, நியான் நிறப் பட்டையோடு விற்றார்கள். சில மாதங்களில் சாயம் மங்கிவிடும். சாயமேற்றிய மீன்களில் லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் நோய் அதிகம் காணப்பட்டது. 1990களில் பிரிட்டிஷ் மீன் வளர்ப்பு இதழ் ஒன்று இதற்கெதிராக இயக்கம் நடத்தியபின் அங்கே பல கடைகள் இவற்றைக் கைவிட்டன. ஒளிரும் மரபணுவைப் புகுத்திய மீன்கள் 2003 முதல் அமெரிக்காவில் விற்கப்படுவது தனிக் கதை. அவற்றின் மூலமான வரிமீனும் நம் கங்கைச் சமவெளியைச் சேர்ந்ததுதான்.

ஆறும் பவளப்பாறையும்

நன்னீர் அலங்கார மீன்களில் மிகப் பெரும்பான்மை பண்ணையில் பிறப்பவை. கடல் மீன்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலானவை பாறைகளில் பிடிக்கப்படுபவை. பிலிப்பைன்சில் 1960கள் முதல் சோடியம் சயனைடைக் கரைத்து மீனின் முகத்தில் பீய்ச்சி, மயங்கியதும் அள்ளும் முறை பரவியது. பவளம் அதில் சாகிறது. தப்பிய மீன் கல்லீரல் கெட்டு, வாங்கியவர் வீட்டில் சில வாரம் கழித்துச் சாகலாம். அப்போது பழி தொட்டிக்கு விழும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ மீன் 1990களில் ஏற்றுமதிச் சந்தையைக் கவர்ந்து, அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலுக்குப் போயிற்று. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அதை முதல் அட்டவணையில் சேர்த்தது. எல்லாக் காட்டு மீன் பிடிப்பும் கேடு என்று முடிவுகட்டவும் முடியாது. பிரேசிலின் ரியோ நெக்ரோ கரையிலுள்ள பார்செலோஸ் ஊர் கார்டினல் டெட்ரா பிடித்துப் பிழைக்கிறது. அந்த வருமானம் இருக்கும்வரை மரம் வெட்டும் தேவை குறைவு என்பது அங்கு பணியாற்றும் ஆய்வாளர்களின் வாதம். ‘ஃபைண்டிங் நீமோ’ படம் கோமாளி மீன்களைக் கடலிலிருந்து காலிசெய்தது என்ற கதைக்கும் சான்று மெலிது. அதன் தொடர்ச்சியான ‘ஃபைண்டிங் டோரி’ பற்றிய ஆய்வில், இணையத்தில் தேடியவர்கள் கூடினார்களே ஒழிய, மீன் இறக்குமதி கூடியதாகத் தெரியவில்லை.

வலி

2003இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் லின் ஸ்னெடனும் குழுவினரும் டிரவுட் மீன்களின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் தேனீ நஞ்சோ அசிட்டிக் அமிலமோ செலுத்தியதும் அவை தீனி உண்ண மறுத்தன. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. வலிநிவாரணி கொடுத்தபோது இந்த நடத்தை குறைந்தது. பெருமூளைப் புறணி இல்லாத மீனுக்கு வலியை ‘உணர’ இயலாது என்று நரம்பியலாளர் பிரையன் கீ போன்றோர் மறுக்கிறார்கள். விவாதம் தீரவில்லை, ஆனாலும் நிரூபிக்கும் சுமை எப்போதும் மீன் பக்கமே வைக்கப்படுவது கவனிக்க வேண்டியது.

சட்டம்

இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதரல்லாத எந்த உயிரும் விலங்கே என்கிறது. ஆகவே மீனும் அதில் அடக்கம். மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இதற்கு வித்து. சட்டத்தின்படி 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியம் நெடுங்காலம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. முதல் குற்றத்துக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்.

2017 மே மாதம் மீன் கடைகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. கிண்ணத்தில் மீன் வைக்கத் தடை. கோமாளி மீன் உள்ளிட்ட 158 இனங்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை. தடைப்பட்டியலில் பண்ணையில் பெருக்கக்கூடிய இனங்களும் இருந்தன. கோமாளி மீனை மண்டபம் என்ற ஊரில் அரசு ஆய்வு நிலையமே குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டியிருந்தது. வளர்ப்போரும் வணிகர்களும் எதிர்க்க, விதிகள் திரும்பப் பெறப்பட்டன. கிண்ணத் தடையும் அதோடு போயிற்று. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் நாய், பூனை, முயல், கினிப் பன்றி, வெள்ளெலி, கூண்டுப் பறவை என்று பெயர் சொல்லி அடுக்குகின்றன. மீன் அந்த வரிசையில் இல்லை.

இத்தாலியின் மோன்ஸா 2004இலும் ரோம் 2005இலும் கிண்ணத்தைத் தடைசெய்தன. தொட்டியின் ஒரு பக்கமாவது உள்ளே தெரியாதபடி இருக்க வேண்டும், மீனுக்கு மறைவு வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தின் விதி. ஸ்காட்லாந்தில் உயிருள்ள பிராணியைப் போட்டிப் பரிசாகக் கொடுப்பதே குற்றம்.

தொட்டிக்கு வெளியே

சலித்துப்போன மீனைக் கொல்ல மனம் வராதவர்கள் ஏரியில் விடுகிறார்கள். செய்பவருக்கு அது கருணை. பாசி தின்று கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விரலளவில் விற்கப்படும் ‘சக்கர்’ அல்லது ‘டேங்க் கிளீனர்’ தென்னமெரிக்கக் கெளுத்தி. ஒன்றரை அடிக்கு மேல் வளரும். தொட்டி கொள்ளாமல் வெளியே விடப்பட்ட அது இன்று தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், வங்கம் என்று பல மாநில நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது. எலும்புத் தகடு போர்த்த அதன் உடலை மற்ற மீன்கள் விழுங்க முடிவதில்லை. உண்பாரும் அரிது. ஏரியில் வலை இழுப்பவர்கள் கெண்டைக்குப் பதில் இதையே அள்ளுகிறார்கள்; முள் துடுப்பு வலையில் மாட்டினால் நூலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.