ராமில் அந்த வெட்டு எதற்கு?

பழைய கம்ப்யூட்டருக்கு இன்னும் கொஞ்சம் ராம் வாங்கிப் போடலாமே என்று கடைக்குப் போனால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "டிடிஆர் டூவா, த்ரீயா, ஃபோரா?" என்பதுதான். தெரியாது என்றால், இருப்பதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். தங்க நிறக் கால்கள் வரிசையாக இருக்கும் விளிம்பில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். நட்ட நடுவில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருக்கும். எவ்வளவு தள்ளி என்பதை வைத்துத்தான் அது உங்கள் மதர்போர்டில் உட்காருமா, உட்காராதா என்பதே முடிவாகிறது. அந்த வெட்டுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. ஒரு வழக்கும் இருக்கிறது.

ஆரம்பத்தில் வெட்டும் இல்லை, ஸ்டிக்கும் இல்லை. ஐபிஎம் கம்பெனியில் ராபர்ட் டென்னார்ட் என்பவர் 1966-ல் ஒரு யோசனை செய்தார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி கெபாசிட்டர், இரண்டும் சேர்ந்தால் ஒரு பிட். கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தக் கெபாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. நிரப்பி வைத்தாலும் ஒழுகிவிடும். அதனால் வினாடிக்குப் பல தடவை படித்துப் பார்த்துத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பதும் இதே ஓட்டைக் குடம்தான், கோடிக் கணக்கில்.

1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐபிஎம் பிசியில் மதர்போர்டிலேயே ஒன்பது ஒன்பதாக நாலு வரிசையில் சிப்புகளுக்கு இடம் இருந்தது. ஒரு வரிசைக்கு 16 கேபி. எட்டு சிப் விஷயத்துக்கு, ஒன்பதாவது பிழை கண்டுபிடிக்க. முதல் வரிசையைப் பற்றவைத்தே கொடுத்தார்கள். மெமரி கூட்ட வேண்டுமென்றால் மற்ற வரிசைகளில் சிப்பை ஒவ்வொன்றாக எடுத்து, கால் மடங்காமல், சாக்கெட்டில் அழுத்த வேண்டும். நிறைய பேர் கால்களை மடக்கினார்கள். அது போதாதென்று, மெஷின் சூடாகிச் சூடாகி ஆறுவதில் சிப்புகள் தாமாகவே சாக்கெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பும். அந்தக் காலத்து மெக்கானிக் வந்தால் பெட்டியைத் திறந்து எல்லாச் சிப்பையும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும்.

இதற்கு மாற்றாக, 1983 வாக்கில் அமெரிக்காவில் வாங் லேபரட்டரீஸில் சிப்புகளை ஒரு சின்ன பலகையில் மொத்தமாகப் பற்றவைத்துவிட்டார்கள். அதுதான் சிம். (போனில் போடும் சிம் வேறு, இது வேறு.) முதலில் வந்தது 30 கால் சிம். ஒரு தடவைக்கு 8 பிட்தான் கொடுக்கும். 486 பிராசசருக்கோ ஒரே சமயத்தில் 32 பிட் வேண்டும். ஆகவே நாலு நாலாகத்தான் போட முடியும். மூன்று போட்டால் மெஷின் எழுந்திருக்காது. பிறகு 72 கால் சிம் வந்து 32 பிட் கொடுத்தது. அப்பாடா என்று உட்கார்வதற்குள் பென்டியம் வந்து 64 பிட் கேட்டது. மறுபடி ஜோடி ஜோடியாக. "ராம் ஜோடியாகத்தான் வாங்கணும்" என்று இன்னும் சிலர் சொல்வது அந்தக் காலத்து நினைவு. இப்போது ஜோடி போட்டால் வேகம் கூடும், அவ்வளவுதான். ஒன்று போட்டாலும் ஓடும்.

ரப்பர் வைத்தியம் தெரியும்தானே? கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றால், ராமைக் கழற்றிக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவது. ரிச்சி தெருவில் தொழில் பழகும் பையனுக்கு முதல் நாளே சொல்லித் தரும் பாடம் இது. இதுவும் சிம் காலத்துச் சங்கதியோடு சேர்ந்ததுதான். அப்போது சில ஸ்டிக்குகளின் காலில் தங்கப் பூச்சு, சிலவற்றில் ஈயப் பூச்சு. தங்கக் கால் ஸ்டிக்கை ஈயக் கால் ஸ்லாட்டில் போட்டால், இரண்டும் உரசி உரசிச் சந்திக்கும் இடத்தில் ஆக்சைடு படிந்து, சில மாதங்களில் மெமரி தப்புச் செய்ய ஆரம்பிக்கும். இரண்டும் ஒரே உலோகமாக இருக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் பார்த்து வாங்கினார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1993 ஜூலையில் ஜப்பானில் நீஹாமா என்ற ஊரில் சுமிடோமோ கெமிக்கல் தொழிற்சாலையில் வெடிவிபத்து. சிப்புகளைக் கறுப்பாக மூடியிருக்கிறதே, அந்த எபாக்சிப் பிசினில் உலகத் தேவையில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுக்க ராம் விலை எகிறியது. சிப்பு செய்யும் தொழிற்சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல் மூடிக்குப் போன பிசினுக்குத்தான் தட்டுப்பாடு. தங்கம் விலை மாதிரி அன்றன்றைக்கு ராம் விலை கேட்டு வாங்கும் பழக்கம் வந்தது இந்த மாதிரி சமயங்களில்தான்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் டிம் வந்தது. 168 கால், 64 பிட், ஒன்றே போதும். வெட்டு அரங்கேறியதும் இங்கேதான். இதில் இரண்டு வெட்டு. ஒன்று எத்தனை வோல்ட் என்று சொல்வது, இன்னொன்று பஃபர் உள்ளதா இல்லாததா என்று சொல்வது. ஸ்டிக்கின் ஓரத்தில் எட்டுக் கால் கொண்ட குட்டி சிப் ஒன்றும் சேர்ந்தது. ஸ்டிக்கின் ஜாதகம் அதில் எழுதியிருக்கும்: எவ்வளவு கொள்ளும், என்ன வேகம், எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று. மெஷினை ஆன் செய்ததும் மதர்போர்டு முதலில் இந்த ஜாதகத்தைத்தான் படிக்கிறது. ஜாதகம் பொருந்தினால் மேலே போகும்.

ஆனால் பொருந்தியும் வாழாத கல்யாணங்கள் உண்டு. அந்தக் காலத்தில் இன்டெல் 440பிஎக்ஸ் போர்டுகள் மிகப் பிரபலம். அதற்கு 256 எம்பி ஸ்டிக் வாங்கிப் போட்டால் சிலருக்கு 256 காட்டும், சிலருக்கு 128 மட்டுமே காட்டும். ஏமாற்றுச் சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. சரக்கில் குற்றமில்லை. 16 சிப் உள்ள ஸ்டிக்கென்றால் ஒவ்வொரு சிப்பும் 128 மெகாபிட், போர்டுக்குப் புரியும். 8 சிப்பில் அதே 256 எம்பியை அடைத்திருந்தால் ஒவ்வொன்றும் 256 மெகாபிட். போர்டு வடிவமைக்கும்போது கணக்கில் இல்லாத அளவு அது. பாதியைத்தான் எட்டிப் பிடிக்கும். வெட்டு சரி, வோல்ட் சரி, வேகமும் சரி. ஆனாலும் பாதிதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். இதுவரை சொன்ன கால் எண்ணிக்கை, வெட்டு, வோல்ட் எல்லாவற்றையும் ஜெடெக் என்ற பொது அமைப்பு முடிவு செய்தது. கம்பெனிகள் கூடிப் பேசி ஒரு அளவுக்கு ஒத்துக்கொள்ளும் சபை அது. அதனால்தான் கொரியா ஸ்டிக்கை தைவான் போர்டில் போட முடிகிறது. ராம்பஸ் என்று ஒரு கம்பெனி 1990-ல் தொடங்கியது. தானாக ஒரு சிப்பும் செய்யாது. புதுவிதமான மெமரி வடிவமைத்து, காப்புரிமை வைத்துக்கொண்டு, செய்பவர்களிடம் பணம் வாங்கும். 1996-ல் இன்டெல் இதனோடு கைகோத்தது. அடுத்த காலத்து மெமரி இதுதான் என்று உலகத்துக்கே அறிவித்தார்கள்.

அந்த ஆர்டி-ராம் ஸ்டிக்குகளுக்கு உலோக மேல்சட்டை, ஏனென்றால் சூடு. விலை சாதாரண ராமைப் போலப் பல மடங்கு. இதில் மின்சைகை ஒரு ஸ்லாட்டில் நுழைந்து அடுத்ததற்குப் போகும் என்பதால் ஸ்லாட்டைக் காலியாக விடக்கூடாது. காலி ஸ்லாட்டுக்கு ஒரு வெற்றுப் பலகை செருக வேண்டும். இதற்கான 820 சிப்செட் 1999 செப்டம்பரில் வரவிருந்தது. வெளியிடச் சில நாட்களே இருக்கும்போது, மூன்று ஸ்லாட் இருந்தால் பிழை வருகிறது என்று தெரிந்து நிறுத்தி, இரண்டு ஸ்லாட்டோடு நவம்பரில் விட்டார்கள். விலையைப் பார்த்து ஜனங்கள் மிரண்டதால், பழைய ராமையே போட்டுக்கொள்ள இடையில் ஒரு மொழிபெயர்ப்புச் சிப் வைத்தார்கள். அதிலும் பிழை. 2000 மே மாதம் அந்தப் போர்டுகளை எல்லாம் மாற்றித் தர வேண்டியதாயிற்று. அந்த வருடக் கடைசியில் வந்த பென்டியம் 4 இந்த ராமை மட்டுமே ஏற்கும். வாங்குவாரைத் தேற்ற, பிராசசர் பெட்டிக்குள்ளேயே இரண்டு ஸ்டிக்கை வைத்து விற்றார்கள் என்றால் பாருங்கள்.

அதற்குள் ஏஎம்டியும் தைவானின் வியாவும் ஜெடெக் வழியிலேயே போய் டிடிஆரைப் பிடித்துக்கொண்டன. பழைய ராமின் இரட்டை வேகம், விலை கிட்டத்தட்ட அதே. இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட்டே 2000-ல், ராம்பஸ் மேல் கட்டிய பந்தயம் பலிக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2002 தொடங்கும்போது பென்டியம் 4-க்கும் டிடிஆர் போர்டு வந்துவிட்டது.

ராம்பஸ் விடவில்லை. டிடிஆரே என் காப்புரிமைக்குள் வருகிறது என்று வழக்குப் போட்டது. ராம்பஸ் 1996 வரை ஜெடெக் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தது, அப்போது இந்தக் காப்புரிமைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று மற்றவர்கள் கொதித்தார்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2006-ல் ராம்பஸ் செய்தது தப்பு என்றது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டம் எப்படியோ போகட்டும். பஞ்சாயத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தீர்ப்பான பிறகு நிலம் என்னுடையது என்பது எனக்கு ஒப்பவில்லை.

டிடிஆர் நிலைத்தபின் வந்தது ஒழுங்கான வம்சாவளி. டிடிஆர் 184 கால், 2.5 வோல்ட். டிடிஆர்2 240 கால், 1.8 வோல்ட். டிடிஆர்3-க்கும் அதே 240 கால், ஆனால் 1.5 வோல்ட். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 கால், 1.2 வோல்ட், 1.1 வோல்ட். கால் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இடத்தில் ஆபத்து அதிகம். 1.5 வோல்ட் பொருளுக்கு 1.8 கொடுத்தால் என்ன ஆகும்? அதனால்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் வெட்டைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி வைத்தார்கள்.

இப்போது நம் வீட்டு மேஜைக்கு வருவோம். நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கும் பழைய மெஷின்களில் ஜி41 போர்டு கணிசம். டிடிஆர்3 போடும் ஜி41-க்கு 4 ஜிபி ஸ்டிக் வாங்கினால் 16 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 8 சிப் ஸ்டிக் அதற்கு ஒத்துவராது. பிஎக்ஸ் கதையேதான், பத்து வருடம் கழித்து. ஹெச்61 போர்டென்றால் இந்தத் தொல்லை இல்லை, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வரை போடலாம். இணையத்தில் பாதி விலைக்கு வரும் சில ஸ்டிக்குகளின் விவரத்தில் "ஏஎம்டி மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். இன்டெல் போர்டில் போட்டால் வெறும் பீப் சத்தம்தான். லேபிளில் 10600-க்குப் பின்னால் "ஆர்" என்ற எழுத்து இருந்தால் அது சர்வரிலிருந்து கழற்றியது. வெட்டு பொருந்தும், உள்ளே போகும், மெஷின் எழாது.

அந்த 10600 என்ன என்று கேட்பீர்கள். வேகம் 1333, அதை எட்டால் பெருக்கியது, வினாடிக்கு அத்தனை எம்பி. 1333 போர்டில் 1600 ஸ்டிக் போட்டால் தப்பில்லை, குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை. பெட்டியைத் திறக்கத் தயக்கமென்றால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாருங்கள். போர்டின் பெயரையும், அந்த எட்டுக் கால் சிப்பில் எழுதிய ஜாதகத்தையும் அப்படியே காட்டும். அதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

போடும்போது வெட்டு ஸ்லாட்டில் உள்ள மேட்டோடு பொருந்தாவிட்டால் ஸ்டிக்கைத் திருப்பிப் பாருங்கள். திருப்பியும் பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது வேறு தலைமுறை, பில்லோடு கடைக்கே எடுத்துப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.