ஐயம் எவர்மீது விழுகிறது?

கல்விக்கெனத் தோன்றிய நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் சிறைச்சாலைக் கதை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். ஊரில் ஒரு குற்றம் நிகழ்ந்தால் ஐயம் முதலில் எத்தெருவின்மீது விழும் என்பதைச் சுரண்டை வட்டாரத்து நம் மூத்தோர் நன்கறிவர். அவர்களுக்கு இவ்வினா எழாது.

1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றத்திற்குச் சான்றாக்கிற்று. 1952இல் அச்சட்டம் ஒழிந்தது. அது வளர்த்த மனப்பழக்கம் ஒழியவில்லை.

2003 ஜூன் திங்களில், மராட்டிய மாநிலம் ஜால்னா மாவட்டத்தில், ஒரு குடும்பத்தின் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர், ஐவர் கொல்லப்பட்டனர். உயிர்தப்பிய தாய், காவல்துறையினர் காட்டிய நிழற்படங்களிலிருந்து நால்வரை அடையாளங் காட்டினார். ஆயினும் அந்நால்வர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஏழைக் கூலியாட்கள் அறுவரே கூண்டில் ஏற்றப்பட்டனர்.

2006இல் விசாரணை நீதிமன்றம் அறுவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 2007இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மூவருக்கு அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அறுவருக்கும் தூக்கே என்றது. 2018இல் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டு, வழக்கு மீண்டும் கேட்கப்பட்டது. 2019 மார்ச் 5ஆம் நாள் நீதிபதிகள் சிக்ரி, அப்துல் நசீர், எம்.ஆர். ஷா ஆகியோர் அறுவரையும் குற்றமற்றவரென விடுவித்தனர். ஆளுக்கு 5 இலட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கப் பணித்தனர். புலனாய்வு அலுவலர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டனர். அறுவருள் ஒருவர் சம்பவ காலத்தில் சிறுவர்! கழிந்த பதினாறு ஆண்டுகளை எந்தப் பணம் மீட்டுத் தரும்?

இதில் கொடுமை இரட்டிப்பு என்பதை நாம் உணர வேண்டும். குற்றமற்றோர் சிறையில் வாடினர். பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ நீதியே கிட்டவில்லை.

இதே சார்பு, மறுபுறமும் வெட்டும் வாளாகும். 1992 ஜூன் 20இல் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் அரசு ஊழியரால் வன்கொடுமைக்கு ஆளாயினர். முறையிட வேண்டிய அப்பெண்களே சிறையிலடைக்கப்பட்டனர். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த பின்னரே, 2011இல் தண்டனைத் தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. ஏழை ஆடவன்மீது குற்றம் எளிதில் ஒட்டுகிறது. ஏழைப் பெண்ணின் சொல்லோ எளிதில் ஏறுவதில்லை.

இளைஞர்காள்! 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டப்படி அட்டவணைச் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞரைப் பெறலாம். இதனை வீடுதோறும் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதிருக்கக் கற்பிப்பதும் கல்வியே. நம் பிள்ளைகளுள் வழக்குரைஞரும் நீதிபதியரும் எழுந்து, எக்குலத்தார்க்கும் ஒரே அளவுகோலால் உண்மையை அளக்கும் நாளே நம் சங்கம் பயன்பெற்ற நாளாகும்.