தானியங்கித் தனி ஐபி முகவரி (ஏபிபா)

உள்ளூர் வலையமைப்பில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவையகத்திடமிருந்து பதில் வராதபோது கணினி தனக்குத்தானே அமைத்துக்கொள்ளும் தற்காலிக முகவரி. ஐபிவி4 இணைப்பு-உள்ளக வகையைச் சேர்ந்தது. 169.254.1.0 முதல் 169.254.254.255 வரையுள்ள எண்களில் ஒன்றைக் கணினி தற்போக்காகத் தேர்ந்து, வேறு கருவி அதை வைத்திருக்கிறதா என ஏஆர்பி வினவலால் சோதித்த பின்னரே ஏற்கும். ரவுட்டர்கள் இம்முகவரிப் பொதிகளைக் கடத்தா. ஆகவே இணையம் எட்டாது. ஒரே உள்ளூர் வலையமைப்பில் இவ்வகை முகவரி பெற்ற கணினிகள் மட்டும் தமக்குள் தொடர்புகொள்ள முடியும்.

மைக்ரோசாப்ட் இவ்வசதியை விண்டோஸ் 98இல் சேர்த்தது. ஆர்எஃப்சி 3927 ஆவணம் இதன் நடைமுறையை 2005 மே மாதம் தரப்படுத்தியது.

பழுதறிதலில் இது பிழை அல்ல, தடயம். விண்டோஸின் ஐபிகான்பிக் கட்டளை 169.254 எனத் தொடங்கும் முகவரியைக் காட்டினால் நெட்வொர்க் கார்டும் டிரைவரும் பெரும்பாலும் இயங்குகின்றன எனலாம். கேபிள் கழன்றிருந்தால் விண்டோஸ் இம்முகவரியையும் தராமல், இணைப்பு துண்டிக்கப்பட்டதாகவே தெரிவிக்கும். பக்கத்துக் கணினிகள் சரியாக இருந்தால் அந்த ஒரு கணினியின் ஸ்விட்ச் போர்ட், விலான் அமைப்பு, ஃபயர்வால் ஆகியவற்றை ஆராய வேண்டும். பல கணினிகளிலும் 169.254 முகவரி தோன்றினால் சேவையகம் நின்றிருக்கலாம் அல்லது அதன் முகவரி இருப்பு தீர்ந்திருக்கலாம். விண்டோஸ் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சேவையகத்தை மீண்டும் தேடும். பதில் கிடைத்ததும் தற்காலிக முகவரியைக் கைவிடும்.