முலு மலைக்கு வழி கண்டவர்



பள்ளி விடுமுறையில் சரவாக் மாநிலத்தின் முலு தேசியப் பூங்காவிற்குச் சென்று வந்தேன். அங்குள்ள ஆப்பி மலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மழைநீர் கரைத்துக் கரைத்து, 45 மீட்டர் வரை உயர்ந்த கத்திமுனைப் பாறைகளை அதன் சரிவில் செதுக்கியுள்ளது. அவற்றைக் காண நடக்கும் தொலைவு 2.4 கிலோமீட்டர்தான்; ஏறும் உயரமோ ஏறத்தாழ 1,200 மீட்டர்! இறுதிப் பகுதியில் கயிற்றையும் ஏணியையும் பற்றியே ஏறினேன். முன்னே சென்ற உள்ளூர் வழிகாட்டி, கால் வைக்கும் இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். அவரின்றி நான் ஏறியிருக்க இயலாது.

அப்போதுதான் அருகிலுள்ள முலு மலையின் (2,376 மீட்டர்) வரலாறு நினைவுக்கு வந்தது. 1858-இல் அதன் உச்சியை அடைய முயன்ற ஆங்கிலேயத் தூதர் ஸ்பென்சர் செயின்ட் ஜானைச் சுண்ணாம்புப் பாறைகளும் அடர்காடும் தடுத்துவிட்டன. 1932-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகக் குழுவில் வந்த எட்வர்ட் ஷாக்கில்டன் உச்சியை எட்டினார். ஆனால், அதற்கான வழியை 1920-களிலேயே கண்டறிந்தவர் பெரவான் இனத்து வேட்டைக்காரர் தாமா நிலோங். காண்டாமிருகத்தைத் தேடிச் சென்றபோது தென்மேற்கு முகட்டின் வழி அவருக்குப் புலப்பட்டது.

வகுப்பில் இதுவரை ஷாக்கில்டன் பெயரை மட்டுமே சொல்லிவந்தேன். அது அரை வரலாறு என்பதை அந்த ஏணியில் நின்றபோது உணர்ந்து நாணினேன்.

இனி, "ஏறியவர் யார்?" என்று மாணவரிடம் கேட்கும்போது, "வழி காட்டியவர் யார்?" என்றும் கேட்போம். இரண்டுக்கும் விடை தெரிந்தால்தான் அது வரலாறு.